ஒரு குடம் ஃபியோர்டு

நார்வே தேசத்துப் பெர்கன் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகன், அவ்வூர் ரயிலிலும் படகிலும் தான் செய்த பிரயாணத்தைக் கைபேசி வழியே முக்கால் மணி நேரம் வர்ணித்த அந்தச் சித்திரை மத்தியானத்தில், மதுரையில் வெயில் 104 டிகிரியில் நின்றது. எங்கள் கூடத்து மின்விசிறியோ, சுற்றுகிறதா அல்லது சுற்றுவதைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருக்கிறதா என்று நிச்சயிக்க முடியாத நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மீர்டால் என்னும் மலை நிலையத்திலிருந்து புறப்படுகிற ரயில், சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் 20 சுரங்கங்களில் புகுந்து புறப்பட்டு, 860 மீட்டருக்கு மேல் கீழிறங்கி, ஃப்ளாம் என்ற கிராமத்தில் நீரோரமாக வந்து நிற்குமாம். அங்கே படகேறினால், பனியாறுகள் யுகயுகமாகக் குடைந்து வைத்த பள்ளத்தாக்கிலே சமுத்திரம் புகுந்து சயனித்திருக்க, இருமருங்கும் மலைகள் செங்குத்தாய்க் காவல் நிற்க, ஓரிடத்தில் 250 மீட்டர் அகலமே உள்ள நேரோய் ஃபியோர்டு வழியாகப் போகலாமாம்.

"அந்தத் தண்ணியப் பார்த்தா பேச்சே வராது மாமா" என்று முக்கால் மணி நேரப் பேச்சை அவன் முடித்தான்.

என் மனைவி கைபேசியை வாங்கினாள். "அந்தத் தண்ணியக் குடிக்கலாமாய்யா?"

"இல்ல அத்தை, கடல் தண்ணி. உப்பு."

"குடிக்க ஆகாத தண்ணிய அம்புட்டுத் தூரம் போயி எதுக்குய்யா பாக்கணும்?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. நீர்வழிப் பிரயாண விஷயத்தில் மதுரைக்காரரின் ஞானம் பரிமிதமானது. வைகையில் தண்ணீர் ஓடினால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அதை ஓர் அதிசயமாகத் தரிசிக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே கப்பல் வண்டியூர்த் தெப்பக்குளத்துத் தைப்பூசத் தெப்பம். அதிலும் மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் அமர்ந்து வலம் வருவார்களே தவிர, நாங்கள் கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கிறவர்கள்தாம்.

ஆயினும் ஆசை என்னை விடவில்லை. நார்வேக்குப் போய் வரும் செலவைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்து, அந்தக் காகிதத்தை மனைவியின் கண்ணில் படாமல் கிழித்துப் போட்ட பிறகு, ரயில், பேருந்து, படகு என்ற அதே வரிசையை எங்கள் சீமையிலேயே நிறைவேற்றுவதென்று தீர்மானித்தேன்: மதுரையிலிருந்து தேனிக்கு ரயில், தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்து, தேக்கடி ஏரியில் படகு.

1928இல் பிறந்த மதுரை–போடி ரயில் பாதை, தன்னை அகலப்படுத்திக்கொள்வதற்காக 2010ஆம் ஆண்டின் கடைசியில் கண்மூடி, 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் கண்விழித்தது. கும்பகர்ணனே ஆறு மாதத்தில் எழுந்துவிடுவான். நாங்கள் ஏறிய பெட்டியில் ஜன்னலோர ஆசனத்தை ஒரு பித்தளை அண்டா ஏற்கெனவே அலங்கரித்திருந்தது. "மக கல்யாணச் சீருங்க. நசுங்கிரக் கூடாதுன்னு ஓரமா வச்சேன்" என்றார் அதன் உடைமையாளர். சீர்வரிசையை எழுப்பிவிட்டு உட்காருவது தர்மமாகாதாகையால், நாகமலையின் நீண்ட முதுகையும், உசிலம்பட்டி வரைக்குமுள்ள கரிசலையும் கருவேலத்தையும், நான் அந்த அண்டாவின் வயிற்றில் பிரதிபிம்பமாகவே கண்டேன். அதில் மலைகள் எல்லாம் சற்றே பருத்து, நன்றாகச் சாப்பிட்டவைபோல் இருந்தன.

"சுரங்கம் எப்ப வரும்?" என்று மனைவி இருமுறை கேட்டாள். ஆண்டிப்பட்டிக் கணவாயில் பாறையை வெட்டிய இடுக்கில் ரயில் புகுந்தபோது பெட்டி சற்றே இருண்டது. "இதுதான்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

உண்மையான சுரங்கம் இருக்கிறது. ஆனால் அதில் மனிதருக்கு அனுமதியில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களையும் நெல் வயல்களையும் கடந்து பேருந்து லோயர் கேம்பை அடைந்ததும், மலைச் சரிவில் இறங்கி மின் நிலையத்துள் நுழையும் ராட்சதக் குழாய்களைக் காட்டி மனைவிக்கு விளக்கினேன்: மேற்கே போய் அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை, 1887இல் தொடங்கி 1895இல் முடித்த அணையால் பென்னிகுக் துரை மறித்து, மலையின் வயிற்றில் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பினார், நார்வேயில் ஜனங்கள் சுரங்கத்தில் புகுந்து தண்ணீரைப் பார்க்கப் போகிறார்கள், இங்கே தண்ணீர் சுரங்கத்தில் புகுந்து ஜனங்களைப் பார்க்க வருகிறது. பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு இன்றும் அந்தத் துரையின் பெயரை வைக்கிறார்கள். "வைக்க வேண்டியதுதான்" என்றாள் அவள்.

தேக்கடியில் படகேறுமுன் எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். என் சட்டையின் இடது வாருக்கும் வலது வாருக்கும் என் வயிற்றை முன்னிட்டு நான்கு அங்குல அபிப்பிராய பேதம் இருந்தது. மனைவி தன் கைக்குட்டையால் முடிச்சிட்டு இருதரப்பையும் சமாதானப்படுத்தினாள்.

ஏரியின் சௌந்தரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தத் துரையின் அணையால் நீர் ஏறியபோது மூழ்கிய விருட்சங்களின் கரிய கட்டைகள் நூறாண்டு கடந்தும் நீரிலிருந்து தலைநீட்டி நிற்க, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம், ஈரச் சட்டையைக் காயப்போட்டவன்போல் சிறகை விரித்துக்கொண்டிருந்தது. பனியாறு யுகக்கணக்கில் செய்ததை எட்டு வருஷத்தில் செய்து முடித்த ஃபியோர்டு இது என்று நான் வியந்துகொண்டிருக்கையில், "யானை!" என்று யாரோ கூவ, எழப்போன ஜனங்களைப் படகுக்காரர் மலையாளத்தில் அதட்டி உட்காரவைத்தார். பத்து நிமிஷம் மூச்சடக்கிப் பார்த்தோம். அந்த யானை காதை அசைக்கவில்லை, வாலையும் அசைக்கவில்லை, படகு கிட்டே போனதும் பாறையாகிவிட்டது.

என் மனைவி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கிறாய்?"

"இது எத்தன லாரித் தண்ணி இருக்கும்?"

ஊர் திரும்பிய மறுநாள் வைகறையில், நான் கனவிலே மறுபடியும் படகில் போய்க்கொண்டிருந்தபோது, யாரோ தோளை உலுக்கினார்கள். கீழே குழாயடியில் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சப்தம் கேட்டது. பெரியாறு மலையைத் துளைத்து, வைகையோடு சேர்ந்து, 1959இல் கட்டிய வைகை அணையில் இளைப்பாறி, எங்கள் தெருவின் முறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"எந்திரிங்க, உங்க ஃபியோர்டு வந்திருச்சு" என்றாள் மனைவி, குடத்தை நீட்டியபடி.

பதினொரு குடம் மாடிக்குச் சுமந்தேன். பெர்கனிலுள்ள பிள்ளை சொன்னது சத்தியம்தான். முடிவில் எனக்குப் பேச்சே வரவில்லை.