தலைக்கு மேலே சைக்கிள்: காஷ்மீர் – குமரிப் பயணத்தின் கடைசி நாள் குறித்த ஓர் ஆய்வு முன்னோட்டம்

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிள் மிதித்து வருவோரைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அவர்களுடைய கடைசி நாளை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தவர் இல்லை. ‘இத்துறையில் இதுவே முதல் முயற்சி’ என்று இந்த இடத்தில் எழுதுவது ஆய்வேட்டு மரபு. முந்தைய நூல்களைத் தேடிப் பார்க்காமல் எழுதுவதும் அதே மரபுதான்.

ஆய்வு எல்லை: திருநெல்வேலியில் விடிகாலை டயரை அமுக்கிப் பார்ப்பது முதல், கன்னியாகுமரிக் கடற்கரையில் போலீஸ்காரர் ‘ஓரமா நில்லுங்க’ என்பது வரை.

தேசிய நெடுஞ்சாலை 44இன் நீளம் 3,745 கி.மீ. என்பர் ஒரு சாரார், 4,112 கி.மீ. என்பர் மற்றொரு சாரார். மிதித்து வந்தவரைக் கேட்டால் முழங்காலைத் தடவிக் காட்டுகிறார். முழங்கால் முதன்மைச் சான்று ஆகாது என்பதால் தள்ளப்பட்டது.

‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்பதற்கு நாங்குநேரியிலும் வள்ளியூரிலும் பெறப்படும் விடை: ‘இந்தா, பக்கத்துலதான்.’ இதற்கு மேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து இந்தப் பக்கம் சீறிக்கொண்டு வருகிறது; முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காவல்கிணறு அருகே தெற்கு நோக்கிப் போகும் சைக்கிளுக்கு இது பக்கவாட்டு அடி. கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகள் பாய்மரமாகிவிடுகின்றன. ‘காத்து கொண்டு போவும் தம்பி, கன்னியாரிக்கான்னு மட்டும் கேக்காதீய’ (பணகுடிப் பக்கம் ஒரு டீ மாஸ்டர், வாய்மொழி, முதல் டீ).

இனி முடிவிடம். நாட்டின் தென்கோடி கிரேட் நிக்கோபாரிலுள்ள இந்திரா முனையே. ஆகவே குமரியில் பயணம் முடிவதாகக் கொள்வது பிழை என்று கருத்தரங்கில் ஒருவர் எழுந்து சொல்வார். எல்லாக் கருத்தரங்கிலும் அப்படி ஒருவர் உண்டு; சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்புதான் எழுந்திருப்பார். பெருநிலத்தின் தென்கோடி குமரிதான் ஐயா, உட்காருங்கள்.

இப்போது ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம்: தூக்குதல். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஆளைச் சுமந்து வந்த சைக்கிளை, கடலைக் கண்டதும் ஆள் ஏன் தலைக்கு மேலே தூக்குகிறார்? நன்றிக்கடன் என்பது ஒரு கொள்கை (மேற்படி மாஸ்டர், இரண்டாம் டீ). பழிவாங்கல் என்பது மறு கொள்கை (மேற்படியாரே, மூன்றாம் டீ, வாழைக்காய் பஜ்ஜியுடன், பஜ்ஜி ஆறியபின் முதற்கொள்கைக்கே திரும்பிவிட்டார்).

தூக்குவோரில் பைகளைக் கழற்றிவிட்டுத் தூக்குவோர், பைகளோடு தூக்குவோர் என இரு மரபினர். பின்னவர் தலையில் தண்ணீர் பாட்டில் விழுகிறது. முன்னவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை: தன்னால் சுழலும் பெடல் காதோரம் தட்டுகிறது, செயின் மசி நெற்றியில் கோடு இழுக்கிறது. அந்தக் கோட்டைச் சமயச் சின்னமாகக் கொண்டு கட்டுரை எழுத ஒருவர் கட்டாயம் வருவார். வந்தால் அது இந்த ஆய்வின் தாக்கம் என்று கணக்கில் எழுதிக்கொள்வேன்.

தூக்கிய படங்களைப் பின்னணி கொண்டு காலப்பகுப்புச் செய்யலாம். விவேகானந்தர் பாறை மண்டபம் தெரிவது 1970க்குப் பிந்தைய ‘பாறைக் காலம்’. வள்ளுவர் சிலை தெரிந்தால் 2000 ஜனவரிக்குப் பிந்தையது. இரண்டுக்கும் இடையே கண்ணாடிப் பாலம் தெரிந்தால் 2024 டிசம்பர் முடிவுக்குப் பிந்தையது. ஒரு சிக்கல்: வழிப்போக்கர் எடுக்கும் படங்களில், 38 அடிப் பீடமும் 95 அடி உருவமுமாக நிற்கும் 133 அடி வள்ளுவரை 27 அங்குலச் சக்கரம் முழுதாக மறைத்துவிடுகிறது. மறைக்காத இடத்தில் எடுத்தவரின் கட்டைவிரல் இருக்கிறது. அப்படங்களை எக்காலத்தில் வைப்பது? பாறைக் காலத்தில்தான் என்று ஒரு குறிப்பு சாதிக்கிறது (மேற்படி மாஸ்டரின் மைத்துனர், பழைய நோட்டுத்தாளின் பின்பக்கம், எண்ணெய்க்கறை நீங்கலாக, மூலப்படியில் சுண்டல் மடித்துக் கொடுக்கப்பட்டுவிட்டதால் பாடம் சிதைந்துள்ளது, சுண்டலை மட்டும் இக்கட்டுரையாளர் முழுமையாக ஒப்புநோக்கியுள்ளார், தேங்காய் இடைச்செருகல்).

திரும்பும் வழி பற்றி: வடக்கே வைஷ்ணோ தேவி கட்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் குமரியிலிருந்துதான் புறப்படுகிறது. வாரக்கணக்கில் மிதித்த தூரத்தை மூன்று நாளில் படுத்தபடியே திரும்பக் கடக்கலாம். அதற்குமுன் சைக்கிளுக்குச் சாக்குச் சுற்றி, பெயர் எழுதி, பார்சலில் சேர்க்க வேண்டும். என் பழைய ஹெர்குலிஸை ஒருமுறை அப்படிச் சேர்க்கப் போயிருந்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, படிவத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, அங்கே இருந்த பெரியவர் கேட்டார்: “டேங்க்ல பெட்ரோல் இல்லையே?”