பிரெட் சாருக்கு என்ன வாங்கித் தருவது?

ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் மைதாவில் கை வைத்தவர், இன்னும் எடுக்கவில்லை. எங்கள் பிளாக்கில் அவர் மூன்றாவது மாடி. வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர். கதவில் பெயர்ப்பலகை இருந்தும், வாட்ச்மேன் முதல் கூரியர் பையன் வரை எல்லோருக்கும் அவர் 'பிரெட் சார்'தான்.

தாடி வைத்திருக்கிறார். துறவு என்று நினைத்துவிடாதீர்கள். வாங்குகிற பிளேடெல்லாம் ரொட்டிக்கே போய்விடுகிறது. ஓவனுக்குள் வைக்கும் முன் மாவு உருண்டையின் தலையில் பிளேடால் ஒரு கீறல் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளே விரியும் காற்று தனக்குத் தோன்றிய இடத்தில் வெடித்துக் கிளம்பிவிடும்.

வாரம் ஒரு ரொட்டி எங்கள் வீட்டுக்கு ஓசியில் வருகிறது. தீபாவளிக்காவது பதில் மரியாதை செய்ய வேண்டாமா? அங்கேதான் சிக்கல்.

முதல் தீபாவளிக்கு விவரம் புரியாமல் ஒரு டோஸ்டர் வாங்கிப் போனேன். சங்கீத வித்வானுக்கு டிரான்சிஸ்டர் கொடுத்ததுபோல் பார்த்தார். "தம்பி, இதுக்குள்ள நுழையற சைஸ்ல நான் வெட்டறதே இல்லையே!"

அடுத்த வருடம் டிஜிட்டல் தராசு. அவரிடம் ஏற்கெனவே மூன்று இருந்தன; உப்புக்கென்றே ஒன்று. "மாவு எப்பவும் நூறு சதவீதம். தண்ணி எழுபத்தஞ்சு. உப்பு ரெண்டு" என்றார். அதாவது அரை கிலோ மாவுக்கு 375 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு.

"கூட்டினா நூறுக்கு மேல போகுதே சார்?"

"மாவுதான் தம்பி அசல். மத்ததெல்லாம் அதும்மேல போடற வட்டி."

முப்பத்தைந்து வருட வங்கிப் பழக்கம் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விடுமா?

மூன்றாவது வருடம் மூடியோடு ஒரு வார்ப்பிரும்புச் சட்டி. தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியதில் எனக்கு இடுப்பு பிடித்தது. அவருக்குக் கண் கலங்கியது. மூடி போட்ட சட்டிக்குள் மாவிலிருந்து எழும் ஆவி மேல்தோலைச் சீக்கிரம் இறுகவிடாது. ரொட்டி நன்றாக உப்பிய பிறகு மூடியைத் திறந்து முறுகவிட வேண்டும். நியூயார்க் பேக்கரிக்காரர் ஜிம் லாஹி, மாவைப் பிசையாமலே 18 மணி நேரம் பொங்கவிட்டு இப்படிச் சுடும் முறையைச் சொல்ல, 2006-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதி அது ஊரெல்லாம் பரவியதாம். நியூயார்க்கில் சரி. சென்னை மே மாதத்தில் 18 மணி நேரம் விட்டால் மாவே லிஃப்ட் பிடித்துக் கீழே இறங்கிவிடும். அதனால் சார் வீட்டில் இரவெல்லாம் மாவு ஃப்ரிட்ஜுக்குள், மேடத்தின் கீரையும் கொத்தமல்லியும் வெளியே.

"எனக்கு ஒரு பரிசு தரணும்னா, இன்னொரு ஃப்ரிட்ஜ் கொடுங்க" என்றார் மேடம்.

ரொட்டி வெளியே வரும் நேரத்தில் அவர் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். பிரசவ வார்டு வாசல்போல அமைதி. கம்பித் தட்டில் வைத்துக் காதைக் கொண்டுபோவார். ஆறும்போது மேல்தோல் 'படக், படக்' என்று மெல்ல விரிசல் விடும். "பாடுது, கேளுங்க!" எல்லோரும் குனிந்து கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்கக் கூடாது; வைத்தால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். பேரன் கை நீட்டினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் தாத்தா இல்லை, போலீஸ்.

ஆனால் அவருடைய உயிர் ரொட்டியில் இல்லை. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. மாவும் தண்ணீரும் கலந்து, தானாக வந்து குடியேறிய ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பொங்கவைக்கும் தாய்மாவு. "உறைமோர் மாதிரிதானே! இதுக்கா இவ்வளவு?" என்று அம்மா ஒருமுறை கேட்டுவிட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அங்கே பூடின் பேக்கரி 1849-இல் ஆரம்பித்த தாய்மாவை இன்றும் வளர்த்து வருவதாகச் சொல்கிறார்கள். 1906 பூகம்பத்தில் ஊர் பற்றியெரிந்தபோது லூயிஸ் பூடின் அம்மையார் அந்த மாவை ஒரு வாளியில் போட்டுக் காப்பாற்றினார் என்பது அந்தப் பேக்கரியின் கதை. "நம்ம வீட்ல தீப்பிடிச்சா முதல்ல எதை எடுப்பீங்க?" என்று கேட்ட மேடத்துக்குச் சார் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு நான் பரிசைப் பற்றி யோசிக்கும் முன்பே அவர் கேட்டார். பெங்களூரில் மகள் வீட்டில் ஒரு வாரம். ஜாடியை நான் பார்த்துக்கொண்டால் போதுமாம். "ஃப்ரிட்ஜ்ல வச்சா தாங்குமே சார்?" என்றேன். "பச்சைக் குழந்தையைக் குளிர்ல போட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றார். இரண்டு பக்கக் குறிப்போடு ஜாடி எங்கள் சமையல் மேடைக்கு வந்தது.

மூன்றாம் நாள் மாலை ஆபீஸிலிருந்து வந்தேன். சூடாக, ஓரம் முறுகிய தோசை. லேசான புளிப்பு, அபாரம். தீபாவளிக்கு மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாவு அத்தை?"

"மேடை மேல மைதா கரைச்சல் புளிச்சுக் கெடந்துச்சுடா. வீணாப் போகுதேன்னு ரெண்டு பச்ச மெளகா, கறிவேப்பில நறுக்கிப் போட்டு ஊத்திட்டேன்."

பூகம்பத்துக்குத் தப்பலாம், மதுரை அத்தைக்குத் தப்ப முடியுமா?

நல்லவேளை, ஜாடியைக் கழுவவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்ததில் மைதாவும் தண்ணீரும் கலந்தேன். பாதுகாப்புக்கு அம்மா ஒரு கரண்டி இட்லி மாவையும் விட்டாள். மறுநாள் இரண்டு குமிழி. ஏழாம் நாள் ரப்பர் பேண்டைத் தாண்டிப் பொங்கி நின்றது.

ஊரிலிருந்து வந்த சார் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்தார்.

"பெங்களூர்ல எங்க போனாலும் இந்த வாசனை வராது தம்பி. பிள்ளை முன்னைவிடத் தெம்பாயிட்டான். என்ன செஞ்சீங்க?"

"குறிப்புல இருந்தபடிதான் சார்" என்றேன். அத்தை உள்ளே போய்விட்டாள்.

இந்தத் தீபாவளிக்கு ஒரு பெட்டி பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கத்தான் யோசனையாக இருக்கிறது. அத்தை மறுபடியும் வருகிறாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவள் வாய் திறக்கும் நேரத்தில் அவர் கையில் பிளேடு இருக்க வேண்டாமே!