லண்டனுக்கு எந்த அட்டை?

கேள்வி: நான்கு நாள் லண்டன் பயணத்துக்கு ஆய்ஸ்டர் என்ற பொதுப் போக்குவரத்துக் கட்டண அட்டை வாங்க வேண்டுமா, வங்கி அட்டையே போதுமா?

பதில்: பெரியவர்களுக்குக் கட்டணம் இரண்டிலும் ஒன்றே எனும்போது, திரும்பக் கிடைக்காத விலை கொடுத்து இன்னோர் அட்டை எதற்கு? 2003-இல் அறிமுகமான ஆய்ஸ்டருக்குரிய தினசரி உச்சவரம்பு, அதாவது ஒரு நாளில் எத்தனை முறை பயணித்தாலும் அதற்குமேல் பிடிக்கப்படாத தொகை, 2014 முதல் சுரங்க ரயிலிலும் ஏற்கப்படும் தொடுகையில்லா வங்கி அட்டைக்கும் உண்டு. ஆனால் அட்டையையும் அது பதிந்த கைபேசியையும் மாற்றி மாற்றிக் காட்டினால், ஒரே சட்டைப்பையில் இரு பயணிகள் இருப்பதாகவே இயந்திரம் கணக்கிடும். உச்சவரம்பும் கைக்கு எட்டாது.

11 முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் ஆய்ஸ்டர் வாங்குவதே நன்று. ஏனெனில் இளம் பயணிகளுக்கான அரைக்கட்டணச் சலுகையை நிலைய ஊழியர் அந்த அட்டையில்தான் பதிவு செய்ய இயலும்.