தட்டின் மேல் விரல்

தட்டைத் தொட்டதற்காக அப்பாவிடம் அடி வாங்கிய பையன் ஜோசப் சேட்லர். 1958-இல் பார்படோஸில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்தவர். அப்பா ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளின் கிட்டே பிள்ளைகள் போகக் கூடாது. அந்தப் பையன்தான் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். சுழலும் தட்டின் மேல் விரலை வைப்பதே அவருக்குத் தொழிலாயிற்று.

எழுபதுகளில் மற்ற டிஜேக்களுக்கே அது பிடிக்கவில்லை. தட்டு அழுக்காகும், கீறிப்போகும். ஃபிளாஷ் தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். ஆடுகிறவர்கள் காத்திருந்தது பாட்டில் டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளுக்காக என்பதைக் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, அந்த இடம் தொடங்கும் புள்ளியில் கிரேயானால் கோடு போட்டார். ஒன்று ஒலிக்கும்போதே, கோடு எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணியபடி மற்றதைப் பின்னால் சுழற்றிவிடுவார். பத்து நொடித் தாளம் பிசகாமல் பத்து நிமிடம் ஓடும். தட்டு வழுக்கிச் சுழல வேண்டுமே! ஃபெல்ட் துணிக்கு வீட்டிலிருந்த கஞ்சியைத் தெளித்து, இஸ்திரி போட்டு விறைப்பாக்கி அடியில் விரித்தார். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

முதன்முதலில் கூட்டத்துக்குச் செய்துகாட்டியபோது யாரும் ஆடவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். கூட்டத்தை ஆடவைக்க மைக்கில் பேச ஆள் தேவைப்பட்டது. கௌபாய், மெலி மெல் என்று ஒவ்வொருவராக வந்தார்கள்.

வந்த குரல்கள் கடைசியில் கையை மறைத்துவிட்டன. 1982-இல் வந்த ‘தி மெசேஜ்’ தட்டில் அவர் பெயர் முதலில் இருக்கிறது. அவர் வாசிப்பு இல்லை. பேசுவது மெலி மெல்லும் டியூக் பூட்டியும். அவருடைய விரலைத் தேடித் தேடி அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். மகத்தான பாட்டுதான், ஆனாலும் வருத்தம் ஆறவில்லை.

இன்று அந்தக் கிரேயான் கோட்டை மென்பொருளே திரையில் போட்டுத் தருகிறது. 2007-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் ஹிப்ஹாப் குழு அவருடையது. 2019-இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசும் வந்தது. இருந்தும், அவரைத் தெரியாதவர்களுக்கு நான் போட்டுக்காட்டுவது 1981-இல் வந்த ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ பதிவைத்தான். மூன்று டர்ன்டேபிள்கள், ஏழு நிமிடம். சிக், குயீன், பிளாண்டி மூன்று குழுக்களின் இசையும் ஒரே மனிதரின் கைகளில் ஒரே ஆட்டமாகிறது.