சுடலைக்கு எதுக்குலே லண்டன் மணி?

கட்டற்ற மென்பொருள் பற்றி நான் மேடை ஏறிப் பேசியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கூட்டம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்ததையும், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் சொந்த ஆசைக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ் இன்று உலகத்தின் பெரிய கணினிகளை எல்லாம் ஓட்டுவதையும் சொன்னேன். நம்ம தமிழக அரசின் எல்காட் நிறுவனமே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சுசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசாங்கம் மாறலாம், உங்களால் முடியாதா என்று குரலை உயர்த்தினேன். கைதட்டினார்கள். அந்தப் பேச்சுக்கான குறிப்பை விண்டோஸில் தட்டச்சு செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. பொத்தானை அமுக்கினால் கருப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும்: எது வேண்டும்? சில நொடிகள் பொறுத்திருக்கும். நாம் பேசாமல் இருந்தால் லினக்ஸைத் திறந்துவிடும். வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் நான் பேசாமல் இருப்பேன். யாரும் இல்லையென்றால் கீழ்நோக்கு அம்பை இரண்டு தட்டு.

இந்தக் கோட்டி பிடித்தது 2006-ல். உபுண்டு என்ற லினக்ஸின் குறுந்தகட்டை, கேட்டவர்களுக்கெல்லாம் காசில்லாமல், தபால் செலவும் இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பின்னால் இருந்த மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்காக்காரர். 2002-ல் சொந்தக் காசில் விண்வெளிக்கே போய்வந்தவர். அவருக்குத் தபால் செலவு பெரிதில்லை. வெளிநாட்டு உறையைக் கொண்டுவந்த தபால்காரர் ஒரு மாதிரி பார்த்தார். தேவைக்கு மேலே வரவழைத்து உறவில் எல்லோருக்கும் கொடுத்தேன். சேரன்மகாதேவியில் மாமா வீட்டுக்குப் போனபோது நான் கொடுத்தது மாமரத்தில் நூல் கட்டித் தொங்கியது. கிளி வருவதில்லையாம். நான் பரப்பிய லினக்ஸில் இன்றுவரை புகார் வராதது அது ஒன்றுதான்.

என் வீட்டில் புகார் உடனே வந்தது. நிறுவும்போது, வட்டு முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று சரி என்றேன். அதில் விண்டோஸ் போனது. தங்கை மகனின் காதுகுத்துப் படங்களும் போயின. அந்தப் பையனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. ஆனாலும் தங்கை என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் "எம் பிள்ளை காதுகுத்தை அழிச்ச அண்ணன்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அடுத்து மச்சான். இளையராஜா பாட்டாகச் சேர்த்த எம்பி3 தகட்டைக் கொண்டுவந்து போடச் சொன்னார். பாடவில்லை. அந்த ஒலி வடிவத்துக்குக் காப்புரிமை இருந்ததால் (அது தீர்ந்தது 2017 வாக்கில்) அன்றைய உபுண்டு அதைப் பாடும் நிரலைத் தன்னோடு சேர்த்துத் தரவில்லை. தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லிவிட்டு இறக்கிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் காப்புரிமையின் அநியாயத்தை விளக்க ஆரம்பித்தேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார். "அப்ப பாட்டு கேக்க முடியாது, ஆனா சுதந்திரமா இருக்கலாம். அப்படித்தான அத்தான்?" என்றார். காப்பி குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கடவுச்சொல் விவகாரத்தை யாரிடமும் சொன்னதில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில்தான் தட்டச்சு செய்கிறேன். அதில் எனக்கு உண்மையாகவே பெருமை. லினக்ஸின் முனையத்தில் சில கட்டளைகளைக் கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும். நாம் அடிப்பது திரையில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. விசைப்பலகை தமிழிலேயே கிடப்பதைக் கவனிக்காமல் அடிப்பேன். தப்பு என்னும். மறுபடி, இன்னும் அழுத்தி. மூன்றாவது தடவையோடு அது பேச்சை நிறுத்திக்கொள்ளும். எவனோ என் கணினிக்குள் புகுந்து கடவுச்சொல்லை மாற்றிவிட்டான் என்று முடிவு கட்டி, ஒரு தடவை மொத்தத்தையும் அழித்து மறுபடி நிறுவினேன். நிறுவி முடித்ததும் முதல் வேலையாகத் தமிழ்99-ஐப் போட்டேன். பிறகென்ன?

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய நம்ம நாட்டு இயங்குதளம், டெபியனை அடிப்படையாகக் கொண்டது, 2007-ல் வெளிவந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ப்ளஸ் டூவில் அந்த மடிக்கணினி கிடைத்ததும் கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களை எடுத்துச் சொல்லக் கிளம்பிப் போனேன். அவள் ஏற்கெனவே பாஸைத்தான் திறந்து வைத்திருந்தாள். "ஜெராக்ஸ் கடைல பென்டிரைவ குத்துனா வைரஸ் ஏறிருது மாமா. இதுல போட்டா அந்த வைரஸ் ஓடாதுல்லா? அழிச்சிட்டு அங்கிட்டு எடுத்துக்கிடுவேன்" என்றாள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் பென்டிரைவை அவளிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். நான்கில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் திரும்பினேன்.

இனி கொடை விஷயம். எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவியை அடுத்து. ஆடியில் சுடலைமாட சுவாமிக்குக் கொடை விழா. கால்நாட்டு, குடியழைப்பு, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, மதியக்கொடை, சாமக்கொடை எல்லாம் நேரத்தோடு நோட்டீஸில் வர வேண்டும். அதைவிட முக்கியம், உபயம் செய்தவர்கள் பெயர். டவுனில் இருக்கிறவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று நோட்டீஸ் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முழுக்க லினக்ஸிலேயே செய்வது என்று சபதம் போட்டேன்.

லிப்ரே ஆபீஸில் அழகாக அடித்து அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அச்சகக்காரர் தன்னிடம் இருந்த பேஜ்மேக்கர் மென்பொருளில் ஒட்டிப் பார்த்தார். 2001-ல் வந்த 7.0-தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோடு தெரியாது. "அண்ணாச்சி, நோட்டீஸ் பூரா கேள்வியாவே கேட்டிருக்கு" என்று திரையைத் திருப்பினார். சாமி பெயரிலிருந்து மைக்செட் வரை வரிசையாகக் கேள்விக்குறி. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது என்றேன். "கவருமெண்டு ஏத்துக்கிடட்டும் அண்ணாச்சி, எம் பொட்டி ஏத்துக்கிட மாட்டேங்குல்லா. பிடிஎப்பா குடுங்க, அடிச்சுத் தாரேன்" என்றார். நியாயமான மனுஷன். குற்றம் என்னுடையது, முதலிலேயே கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து லினக்ஸிலேயே பிடிஎப் எடுத்தேன். அப்போது பகல் மூன்று மணி. கணினி எட்டரை என்றது. மனைவி எட்டிப் பார்த்து, "மணி எட்டரையா? வெளிய வெயில் கொளுத்துதே?" என்றாள். மதர்போர்டில் இருக்கிற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும் என்று விளக்கினேன். விளக்கியதோடு நிற்காமல் வண்ணார்பேட்டை போய் சிஆர்2032 ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். விண்டோஸைத் திறந்து நேரத்தைச் சரிசெய்தேன். அங்கே சரியாக இருந்தது.

பேட்டரிக்கு ஒரு நோயும் இல்லை. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ அதை லண்டனிலுள்ள கிரீன்விச்சின் நேரமாகவே வைத்து, நம் நாட்டுக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டுகிறது. விண்டோஸ் மூன்று என்று எழுதி வைத்ததை லினக்ஸ் கிரீன்விச் மூன்று என்று படித்து எட்டரை ஆக்கிவிட்டது. இணையம் இருந்தால் அதுவே சரிசெய்துகொள்ளும். என் வைஃபை அட்டைக்கு லினக்ஸில் இயக்கி நிரல் இல்லை. அந்த நிரலை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். செல்போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தைப் பயன்படுத்தலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரிலிருந்து வாட்ஸப்பில் கடைசிப் பட்டியல் வந்தது. மும்பை தாராவியில் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன், சீரியல் லைட்டும் வில்லுப்பாட்டும் தன் உபயம் என்று சொல்லியிருக்கிறார். இணையம் வேண்டுமே என்று சபதத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்து விண்டோஸில் ஏறினேன். அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் சேர்த்துப் புது பிடிஎப் எடுத்தேன். முதல் கோப்பின் பெயர் 'நோட்டீஸ் கடைசி'. இதற்கு 'நோட்டீஸ் கடைசி சரி'.

மறுநாள் காலை அவசரத்தில் இரண்டில் எது எது என்று குழம்பியது. கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். எட்டரை மணிக் கோப்பு மேலே, ஏழு மணிக் கோப்பு கீழே. எட்டரைதானே பிந்தியது? அதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். திறந்து பார்க்கவில்லை.

ஊரெல்லாம் நோட்டீஸ் போன பிறகு தாராவி அண்ணாச்சி வந்து இறங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. கோயில் வரி பிரிக்கும் பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது உண்மையைச் சொன்னேன்: கணினி லண்டன் மணியைக் காட்டிவிட்டது.

"சுடலைக்கு எதுக்குலே லண்டன் மணி?" என்றார்.

பதில் இல்லை. பரிகாரமாக மைக்செட்காரரிடம் தனியாகக் காசு கொடுத்து, வில்லுப்பாட்டின் ஒவ்வொரு இடைவெளியிலும் தாராவி அண்ணாச்சி பெயரைச் சொல்ல வைத்தேன். சாமக்கொடை நேரத்தில் அவரே வந்து, "போதும் நிறுத்தச் சொல்லுடே, சாமியாடுறவன் என்னைப் பாக்கான்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போது தென்காசிப் பக்கம் வேலையில் இருக்கிறாள். போனில் கேட்டேன். "லினக்ஸையும் லோக்கல் டைம்ல வைக்கச் சொல்லணும் மாமா, ஒரே வரிதான்" என்று அனுப்பிவைத்தாள். அந்த வரியை அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. தப்பு என்றது. அழுத்தி அடித்தேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு என் கணினியில் இல்லை. எனவே முழுசாக லினக்ஸுக்கு மாற எனக்கு இப்போது எல்லா நியாயமும் இருக்கிறது. நண்பர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கொடையின் நோட்டீஸை ஊரில் ஒரு கல்லூரிப் பையன் செல்போனிலேயே செய்துவிட்டான். எனக்கு மைக்செட் வரவுசெலவு மட்டும். அதையும் நோட்டில் பேனாவால் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.