கப்பல் இறங்கியவரின் கொச்சி

மும்பையில் சொகுசுக் கப்பல் ஏறி, இரண்டு மூன்று இரவுகளைக் கடலில் கழித்து, விடிந்ததும் கொச்சித் துறைமுகத்தில் இறங்கி, ஊருக்கு ரயில் ஏறும் வரை மிஞ்சும் ஒரே பகலில் ஐந்நூறு வருஷச் சரித்திரத்தைப் பார்த்து முடிக்கும் மனிதரே கப்பல் இறங்கியவர். கேரளத்தின் தென்கோடியில் உள்ள அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை வட்டாரத்துக்கு இந்த இனம் புதிது. 2021 செப்டம்பரில் கோர்டிலியா கப்பல் மும்பையிலிருந்து கொச்சி வழியாக லட்சத்தீவுக்கு ஓடத் தொடங்கிய பிறகே இவர் இங்கே தென்படலானார். அதற்கு முன்பெல்லாம் கப்பலில் போனவர் என்றால் சம்பளத்துக்குப் போனவர். காசு கொடுத்துக் கப்பலில் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்பது யாருக்கும் தோன்றாத காரியம்.

இவருக்கும் அது தானாகத் தோன்றியதல்ல. பெரும்பாலும் இவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மின்வாரிய ஓவர்சியர், இல்லையென்றால் வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துத் திரும்பியவர். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள், அப்பா அம்மாவின் திருமண நாளுக்கு என்று சீட்டைப் போட்டுவிட்டுப் பிறகுதான் தகவல் சொல்வாள். இவர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்து, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று கேட்பார். ஒன்றும் திரும்பாது என்று தெரிந்த நிமிடத்தில் கடல் மீது ஆசை பிறக்கும்.

பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமரவிளை சோதனைச் சாவடி ஊர். எல்லை என்னவோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் களியக்காவிளையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நெடுஞ்சாலையில் வரும் வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் கலால் சாவடி மட்டும் இங்கே. பக்கத்தில் இருந்த வணிகவரிச் சாவடி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு வேலை இழந்தது. கலால் சாவடிக்கு அந்தக் கவலை இல்லை. பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் கிடக்கும் பை யாருடையது என்று ஒருவர் கேட்க, பஸ் முழுவதும் ஜன்னல் வழியே தென்னந்தோப்பைப் பார்க்கும் காட்சி இவ்வூர்க்காரருக்குக் குழந்தைப் பருவம் முதலே பழக்கம். ஆகவே பெட்டி விஷயத்தில் பரம்பரை ஜாக்கிரதை உண்டு.

கப்பலின் கடைசி இரவில் பெட்டிக்கு வண்ணச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும், ஊழியர்கள் எடுத்துப் போய்க் காலையில் கரையில் ஒப்படைப்பார்கள் என்பது பொதுவான நடைமுறை. கப்பல் இறங்கியவர் வைப்பார். வைத்துவிட்டுத் தூங்கமாட்டார். மணிக்கொரு தடவை கதவைத் திறந்து பார்ப்பார். பெட்டி போன பிறகுதான், மறுநாளைக்கு எடுத்து வைத்திருந்த சட்டையும் அதோடு போய்விட்டது தெரியவரும். முந்தின இரவு விருந்துக்குப் போட்ட மினுமினுக்கும் சட்டையோடு இவர் கொச்சி மண்ணை மிதிக்கக் காரணம் இதுதான். கரையில் ஸ்கேன் இயந்திரத்தைக் கண்டதும், யாரும் கேட்பதற்கு முன்பே ஜிப்பைத் திறந்து, “ஒண்ணும் இல்ல சாரே, துணியாக்கும்” என்பார்.

இறங்கியதும் தரை ஆடும். இது பொய்யல்ல. சில நாள் அலையோடு ஒத்துப்போன உள்காது, நிலத்துக்குத் திரும்பிய பிறகும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ பழைய கணக்கிலேயே ஓடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கப்பல் இறங்கியவருக்கு ஆட்டம் இரண்டு வாரம் நீடிக்கும். யாராவது பார்க்கும்போது கூடும்.

இவர் இறங்குவது வில்லிங்டன் தீவில். 1920இல் சென்னை மாகாணம் அனுப்பிவைத்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், கொச்சி முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். 1928இல் பெரிய கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதே இந்தத் தீவு. பிரிஸ்டோ வந்தபோது சென்னை ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். டாக்ஸி ஓட்டுநர் இதைச் சொன்னால், கப்பல் இறங்கியவர் சற்று யோசித்துவிட்டு, இத்தனை லோடு மண்ணுக்கு ஜியாலஜி பாஸ் யார் கொடுத்தார்கள் என்று கேட்பார். கேரளத்தில் வீடு கட்டியவர் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

அடுத்த பிரச்சினை, பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் பொருள் காப்பறை இருக்கிறது. ஆனால் அதற்குக் காசு. உறவினர் இலவசம். காக்கநாட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் அக்கா மகளின் மாப்பிள்ளை, வருஷக்கணக்கில் வராத அழைப்பு காலை ஏழு மணிக்கு வந்ததும் பயந்து எடுப்பார். காக்கநாடு நகரத்தின் ஒரு கோடி, கோட்டைக்கொச்சி மறு கோடி. பெட்டியைக் கொண்டுபோய் வைப்பதிலும் அங்கே ஒரு சாயா குடிப்பதிலும் மரியாதைக்குப் புட்டும் கடலையும் தின்பதிலும் பத்து மணி ஆகிவிடும். காப்பறையில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு டாக்ஸிக்குப் போகும். அதைச் சுட்டிக்காட்டும் மனைவிக்கு, “சொந்தம் பந்தம் வேண்டாமா பிள்ளே?” என்று பதில் வரும்.

தோப்பும்படிப் பாலம் வழியாகக் கோட்டைக்கொச்சி வந்து சேர்ந்ததும் முதலில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503இல் போர்ச்சுகீசியர் மரத்தில் எழுப்பி, 1516இல் கல்லும் காரையுமாக்கிய கோயில் அது. 1663இல் கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போனதும் கத்தோலிக்கம் போய்ச் சீர்திருத்த சபை வந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்த பிறகு ஆங்கிலிக்கன் சபை. இன்று தென்னிந்தியத் திருச்சபை. லண்டன் மிஷனின் எல்.எம்.எஸ். பள்ளிக்கூடத்தில் படித்து, சி.எஸ்.ஐ. கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற அமரவிளைக்காரருக்கு இந்தக் கடைசி வரி ஒன்றே போதும். “நம்ம சபையாக்கும்” என்று சொல்லிக்கொண்டு தோள்களை விரித்து உள்ளே போவார். கோயில்குட்டியாரிடம் இங்கே பிஷப் யார், ஆராதனை எத்தனை மணிக்கு, காணிக்கை எவ்வளவு விழும் என்று விசாரிப்பார். அதுவரை சுற்றுலாப் பயணியாக இருந்தவர் இப்போது தணிக்கை அதிகாரி.

கப்பலில் வந்து இறங்கி, கடைசி நாளை நிஜமாகவே கொச்சியில் கழித்த ஒருவரின் கல்லறை இங்கே இருக்கிறது. மூன்றாவது முறையாக இந்தியா வந்த வாஸ்கோ ட காமா, 1524 டிசம்பர் 24 அன்று இங்கே காலமாகி இந்தக் கோயிலில் அடக்கமானார். ஏறக்குறைய 14 ஆண்டுகள் கழித்து எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றார்கள். அவர் 14 வருஷம் இருந்த இடத்தில் கப்பல் இறங்கியவர் 14 நிமிடம் இருப்பார். அதிலும் பாதி, மேலே தொங்கும் பழைய துணி விசிறிகளைப் பார்ப்பதில் போகும். வெளியிலிருந்து கயிறு இழுத்து அசைக்கும் விசிறி. ஓவர்சியர் வகையைச் சேர்ந்தவராக இருந்தால், கரண்ட் பில் இல்லாத விசிறியை நிறுத்தியது எந்த மடையன் என்பார்.

பிறகு சீன வலை. கரையில் நட்ட மரச்சட்டத்தில் வலை தொங்கும். மறுமுனையில் கயிற்றில் கட்டிய பாறாங்கற்கள் எதிர் எடை. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால்தான் வலை மேலே வரும். பயணிகளையும் இழுக்க விட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் செய்து கைநீட்டம் வாங்குவது வலைக்காரர்களின் உபதொழில். சில நாட்களில் அதுவே முதல் தொழில். கப்பல் இறங்கியவர் கயிற்றைத் தொட்டபடி படத்துக்கு நிற்பார். வலை மேலே வரும். உள்ளே ஒரு கை நிறைய பொடிமீன், ஒரு நண்டு, ஒரு பிளாஸ்டிக் கவர். “இதுக்கா இத்தன பாடு?” என்று மனைவி கேட்பது பொருளாதார ரீதியில் சரியான கேள்வி. கரையோரத் தட்டுகளில் பரப்பியிருக்கும் கரிமீனுக்கும் நெய்மீனுக்கும் விலை கேட்பார்; வாங்கும் எண்ணம் அறவே கிடையாது. “களியக்காவிளையில இதுக்குப் பாதி காசுதான், கேட்டியா?” என்பது அவர் முன்பே எழுதிக் கொண்டுவந்த தீர்ப்பு. மீன்காரர் அதற்குச் சொல்லும் பதில் மலையாளத்தில் இருக்கும், சுருக்கமாகவும் இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டில் இவருடைய உண்மையான துயரம் வெளிப்படும். கப்பலில் சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்தது. பஃபேயில் தட்டைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறையும் போகலாம். மூன்று நாள் அப்படி வாழ்ந்தவருக்கு, சாயாவுக்குத் தனிக் காசு, வடைக்குத் தனிக் காசு என்ற நாகரிகம் அநியாயமாகப் படும். மட்டாஞ்சேரியில் காயிக்காவின் பிரியாணிக் கடை 1948 முதல் நடக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து, விலைப் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படிப்பார். சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்ட கையோடு, “கப்பல்ல இது சும்மா கிட்டும்” என்பதையும் சேர்த்துக்கொள்வார். இந்த வாக்கியம் மாலைக்குள் எத்தனை முறை வரும் என்று மனைவி எண்ணுவதை நிறுத்திவிட்டிருப்பார்.

அதன் பிறகு மட்டாஞ்சேரி அரண்மனை. டச்சு அரண்மனை என்று பெயர், கட்டியவர்கள் போர்ச்சுகீசியர். கொச்சி ராஜாவைச் சமாதானப்படுத்த 1555 வாக்கில் கட்டிக் கொடுத்தது. டச்சுக்காரர் பழுது பார்த்துப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவன் பட்டாவில் பெயர் எழுதிக்கொண்ட கதை. சுவரெங்கும் ராமாயண ஓவியம். நின்று பார்க்க வேண்டிய இடம். கப்பல் இறங்கியவருக்குக் கால் வலிக்கும் நேரமும் அதுதான். விசிறிக்கு நேர் கீழே பெஞ்சு தேடுவார். ஆனால் டச்சு என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்துவிடுவார். 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தவர் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா; அங்கே சரணடைந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு அந்த ராஜாவுக்கே தளபதியாகி, தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கிறார். இதைப் பக்கத்தில் நிற்கும் குஜராத்திக் குடும்பத்துக்கு இந்தியில் விளக்க முயல்வார். அவர்கள் தலையாட்டுவார்கள். குளச்சல் என்பது சாப்பிடும் பொருள் என்று அவர்கள் நினைத்திருக்க வாய்ப்புண்டு.

அடுத்த தெரு யூதத் தெரு. 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளியில், கையால் நீல ஓவியம் தீட்டிய சீனத் தரையோடுகள் பதித்திருக்கிறார்கள். ஒன்று போல் ஒன்று இல்லை என்பார்கள். புது வீட்டுக்கு ஓடு வாங்கிய அனுபவத்தில், “ஒரே டிசைன் ஸ்டாக் இருந்திருக்காது” என்பது இவர் முடிவு. இந்த இரண்டு இடங்களுக்கும் நாள் கணக்கு உண்டு: அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, யூதப் பள்ளிக்கு வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை கரையேறும் துணைவகையினர் இரண்டு பூட்டுகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஊரில் படத்தைக் காட்டும்போது பூட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வது வழக்கம்.

யூதத் தெருவின் இரு பக்கமும் வாசனைக் கடைகள். இங்கே கப்பல் இறங்கியவர் தன் வாழ்நாள் நிதானத்தை இழப்பார். வீட்டு மாமரத்தில் நல்லமிளகுக் கொடி ஏறிக் கிடக்கும். குலசேகரத்துக்கு மேலே மாறாமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. இவ்வளவும் இருக்க, அழகான சாக்குப்பையில் குஞ்சம் கட்டி வைத்த கிராம்பையும் நல்லமிளகையும் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவார். பேரம் பேசாமல் இவர் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பொருள் இதுவாகவே இருக்கும். கடைக்காரர் ஆங்கிலத்தில் பேசியதே காரணம். ஆங்கிலத்தில் பேரம் பேசுவது மரியாதை அல்ல என்பது தலைமையாசிரியர்களின் கருத்து.

நான்கு மணிக்குப் பெட்டியின் நினைவு வரும். மீண்டும் காக்கநாடு, மீண்டும் சாயா, மாப்பிள்ளையின் காரில் ரயில் நிலையம், வழியெல்லாம் போக்குவரத்து நெரிசல். ரயிலைப் பிடிப்பது நூலிழை. எக்ஸ்பிரஸ் அமரவிளை ஹால்ட்டில் நிற்காது. நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ நள்ளிரவை ஒட்டி இறங்கி ஆட்டோ பிடித்து வீடு சேர வேண்டும். அந்த ஆட்டோக்காரர்தான் முதல் ரசிகர்.

மறுநாள் காலை சாயக்கடையில் விசாரணை தொடங்கும். “எந்தரு அண்ணா, கப்பல் எப்படி?” என்று கேட்பவருக்குக் கப்பலைப் பற்றி அதிகம் கிடைக்காது. கடலில் சொல்ல என்ன இருக்கிறது, தண்ணீர்தான். கிடைப்பது முழுக்கக் கொச்சி. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில், எதிரிகளிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மா ஒளிந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பலா இங்கிருந்து கூப்பிடு தூரம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை, காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட. இரண்டையும் இவர் பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி யாராவது நினைவூட்டினால், அதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பார்.

ஆறு மாதத்தில் இவர் ஆலோசகராகிவிடுவார். ஊரில் அடுத்து யாருடைய மகள் கப்பல் சீட்டுப் போட்டாலும் தகப்பனார் இவரிடம் வருவார். வெள்ளிக்கிழமை இறங்காதே, சட்டையைப் பெட்டியில் வைக்காதே என்ற இரண்டு நல்ல புத்திமதிகளோடு, கொச்சிக்கு ஒரு நாள் பத்தாது, இரண்டு நாளாவது வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்வார். இரண்டாம் நாள் எதைப் பார்ப்பது என்று கேட்டால், முதல் நாளுக்குச் சொன்னதையே வரிசை மாற்றிச் சொல்வார்.