690 ஜிபி எங்கே போச்சு?

கேள்வி: லேப்டாப்பில் இருந்த 256 ஜிபி டிஸ்க்கை அப்படியே 1 டிபி எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து மாட்டினேன். சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரர் பாவம், விட்டுவிடுங்கள். 'அப்படியே' நகலெடுக்கச் சொன்னீர்கள். மென்பொருள் பழைய பார்ட்டிஷன் அளவுகளையும் அப்படியே நகலெடுத்துவிட்டது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் மொத்தம் 931 ஜிபி தெரியும். அதில் ஏறத்தாழ 690 ஜிபி யாருக்கும் ஒதுக்கப்படாமல் சும்மா கிடக்கும். அதைச் சேர்க்க 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' இருக்கிறது. ஆனால், சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டுமே அது சேர்க்கும். பெரும்பாலும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். பின்னால் காலிமனை வாங்கியும் இடையில் அடுத்தவர் வீடு நிற்கிற கதைதான். ஜிபார்ட்டெட் போன்ற கருவியை யூஎஸ்பியிலிருந்து இயக்கி, ரெக்கவரியைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு சி டிரைவை நீட்டலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

'காலியிடத்தை டி டிரைவாக்கினால் போதாதா?' என்பீர்கள். படங்களுக்கும் பாட்டுகளுக்கும் போதும். ஆனால் அப்டேட்களும் புதிய மென்பொருள்களும் வழக்கமாக சி டிரைவைத்தான் தேடி வரும். 'ரெக்கவரியை அழித்தால் வேலை சுலபமாச்சே?' சுலபம்தான்; விண்டோஸ் படுத்துக்கொள்ளும் நாளில் அதை எழுப்பும் கருவிகளும் அதோடு போய்விடும். 'நகர்த்தும்போது கரண்ட் போனால்?' நியாயமான பயம். சார்ஜரை மாட்டிவிட்டே தொடங்குங்கள். எல்லாம் சரியாக ஓடும்வரை பழைய டிஸ்க்கை மட்டும் அழித்துவிடாதீர்கள். இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே பேக்கப் அதுதான்!